நாலு கட்டைக்குத் திரும்பிய குரல்: ராமநாதபுரக் கடற்கரையில் உருவான ஓர் இசை ஆவணப்படம்

இசைக் கலைஞர்களைப் பற்றிய ஆவணப்படங்கள் பலவற்றில் மிகக் குறைவாகக் கேட்பது அந்தக் கலைஞரின் இசைதான். நாற்காலியில் அமர்ந்த பிரமுகர்கள் வரிசையாக வந்து, அவரைப் போல் இனி ஒருவர் பிறக்கப்போவதில்லை என்பார்கள். பின்னணியில் பாட்டு நாலு வரி ஓடும். ஐந்தாவது வரிக்குள் அடுத்த பிரமுகர் தொண்டையைக் கனைத்துவிடுவார். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றில் இளைஞர்கள் சிலர் சேர்ந்து எடுத்த படமும் முதல் தொகுப்பில் இப்படித்தான் இருந்தது. அது எப்படி வேறு படமாயிற்று, எது கடைசிவரை தீராமல் நின்றது என்பதை இங்கே எழுதுகிறேன். ஒலிப்பணி என் பொறுப்பில் இருந்ததால் அருகிலிருந்து பார்க்க முடிந்தது. குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி ஊர்ப்பெயரையும் பாடகரின் பெயரையும் தவிர்க்கிறேன்.

ராமநாதபுரம், இசை என்று சேர்த்துச் சொன்னால் எல்லோரும் சமஸ்தானத்தையே நினைப்பார்கள். பாஸ்கர சேதுபதியின் ஆதரவு, பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார், அவரிடம் கற்று இன்றைய கச்சேரி அமைப்புக்கே வடிவம் கொடுத்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், பிறகு ராம்நாட் கிருஷ்ணன், மிருதங்கத்தில் முருகபூபதி என்று அந்த வரிசை நீளும். அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், பேசியிருக்கிறார்கள். கடற்கரையின் கேசட் காலத்துப் பாடகர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. விலக்கு ஒருவர் உண்டு. 1925-இல் ராமநாதபுரத்தில் பிறந்து நாகூரின் பெயரால் அறியப்பட்ட இ.எம். ஹனீபா. 2015-இல் அவர் மறைந்தபோது தமிழ்நாடே பேசியது. ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாட்டை மதம் பார்க்காமல் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் இருக்கின்றன. அந்தப் பெருங்குரலின் நிழலில், ஊருக்கு ஒருவராக எத்தனையோ பேர் பாடினார்கள். நம் பாடகர் அவர்களில் ஒருவர்.

சிறுவயதில், நபிபுகழ் பாடும் பைத்து சபையில் தஃப் என்னும் கைப்பறை அடித்தவர். எழுபதுகளில் ஆர்மோனியத்தோடு மேடையேறினார். கல்யாண வீடு, மீலாது விழா, சந்தனக்கூடு, கட்சிப் பொதுக்கூட்டம் எதையும் விட்டதில்லை. சென்னையில் சில கேசட்டுகள் பதிவாயின. அவற்றைக் காட்டிலும் ஊர் மனத்தில் நிற்பவை கூட்டத்தில் யாரோ டேப் ரெக்கார்டரை ஒலிபெருக்கிக்கு அருகில் வைத்துப் பிடித்த இரவுகள்தான். இன்று அந்த வட்டாரத்தில் பாடும் நடுத்தர வயதுக்காரர்கள் மூச்சு எடுக்கும் இடத்தைக் கேட்டாலே அவரிடமிருந்து வந்தது தெரியும். படம் எடுத்தவர்கள் இதைத்தான் மரபு என்று காட்ட விரும்பினார்கள். ஆனால் முதல் தொகுப்பில் அதைக் காட்டவில்லை, சொல்ல மட்டும் செய்தார்கள்.

மரப்பெட்டி

பாடகரின் வீட்டில் ஒரு மரப்பெட்டி நிறையக் கேசட்டுகள் இருந்தன. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீடு. உப்புக்காற்று எதை விட்டது, கேசட்டை விட? சிலவற்றில் ரீலின் ஓரம் முழுக்க வெண்பூஞ்சை. அப்படியே போட்டு ஓடவிட்டால், டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டில் பூஞ்சை அப்பிக்கொள்ளும், அடுத்து போடும் நல்ல கேசட்டும் கெடும். சிலவற்றில் டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறிய கம்பளித் துண்டு பசை விட்டு விழுந்திருந்தது. அந்தத் துண்டு இல்லாவிட்டால் ஒலி மங்கி மங்கி வரும். கேட்பவர் ரீலே போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார். உண்மையில் ரீல் நன்றாகத்தான் இருக்கும். திருகாணி போட்ட புதிய கூட்டுக்குள் ரீலை மாற்றினால் போதும். தொண்ணூறு நிமிடக் கேசட்டுகளில் டேப் மெலிதாக இருக்கும். அவற்றைத் தொடுவதற்கே கை நடுங்கும்.

பூஞ்சை பிடித்தவற்றை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய டப்பாவில் வைத்து உலரவிட்டோம். அதன்பின் ஒவ்வொன்றையும் இயந்திரத்தில் போட்டு, ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சிறு திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, தஃப்பின் ஓசை கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்தினோம். பதிவுசெய்த ரெக்கார்டரின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில்தான் இப்போதைய ஹெட்டும் நிற்க வேண்டும். இதைச் செய்யாமல் கணினிக்கு ஏற்றிவிட்டு, பிறகு மென்பொருளால் கூர்மையாக்கலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். டேப்பிலிருந்து வராத ஒலியை எந்த மென்பொருளும் அப்படியே மீட்டுத் தராது.

அடுத்த சிக்கல்தான் இந்தப் படத்தின் போக்கையே மாற்றியது. பாடகரின் மிகப் புகழ்பெற்ற கல்யாண வீட்டுப் பதிவு ஒன்று ஊரார் கைபேசிகளில் வருடக்கணக்காகச் சுற்றிவருகிறது. அதில் அவர் குரல் இளசாக, சற்றே கீச்சென்று, படபடவென்று ஓடும். இளைஞர்கள் அவரை அறிந்ததே அந்தக் குரலாகத்தான். மூத்த மகனோ வேறு விதமாகச் சொன்னார்: “வாப்பா நாலு கட்டைக்கு மேல் மேடையில் பாடியதே இல்லை.” கட்டை என்பது பாடுபவரின் ஆதார சுருதியைச் சொல்லும் அளவு, எண் கூடினால் சுருதி உயரும். கைபேசிப் பதிவை ஆர்மோனியத்தோடு ஒப்பிட்டால் ஐந்து கட்டையை நெருங்கி நிற்கிறது. மகனின் நினைவு பிசகா, டேப்பின் வேகம் பிசகா?

பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும் ரெக்கார்டரில் பதிவு செய்தால் டேப் மெதுவாக நகரும். பிறகு சரியான வேகத்தில் ஓட்டும்போது எல்லாமே விரைந்து, சுருதி ஏறிக் கேட்கும். அன்று நடந்தது அதுதான் என்று உறுதிசெய்ய டேப்பிலேயே ஒரு சாட்சி இருந்தது. மைக் செட்டின் ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் ‘ஹூம்’ என்ற முனகல். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. டேப்பில் அந்த முனகல் அதைவிட உயரத்தில் கேட்டால், எவ்வளவு உயரமோ அவ்வளவு வேகம் கூடியிருக்கிறது என்று பொருள். அதை 50-க்கு இறக்கினால் குரலும் இறங்கிவிட வேண்டும். இறங்கியது, ஆனால் நாலு கட்டைக்குக் கால் கட்டை மேலேயே நின்றுவிட்டது.

காரணம் தெரிய வந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தொண்ணூறுகளில் தென்னக மின்கட்டமைப்பில் தேவைக்கேற்ற மின்சாரம் இல்லாததால் அதிர்வெண் 50-க்குக் கீழே, 49, 48 என்று கிடப்பது வழக்கம். டியூப் லைட் எரிய அடம்பிடித்த மாலைகளை நினைவு வைத்திருப்பவர்களுக்கு அந்தக் காலத்து மின்சாரத்தின் லட்சணத்தைச் சொல்லவேண்டியதில்லை. ஆகவே 50 என்ற நம் அளவுகோலே அன்றைய இரவுக்குப் பொருந்தாது. கடைசியில் தீர்ப்புச் சொன்னது வீட்டில் இருந்த அதே ஆர்மோனியம். பழைய ரீடுகள் சிறிதளவு பிசகியிருக்கலாம் என்றாலும், கால் கட்டை அளவுக்குப் பிசகாது. ஆர்மோனிய ஒலி நாலு கட்டையில் வந்து உட்கார்ந்தபோது முனகல் 48-க்கும் 49-க்கும் நடுவில் இருந்தது. மகனின் காது சரி. நள்ளிரவில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் வந்த பகுதியில் முனகல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்ததால், அதைத் துண்டு துண்டாகத்தான் சீர்செய்ய முடிந்தது.

சீர்செய்த பதிவைப் படக்குழுவினர் முதலில் கேட்டபோது ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. வேறு ஆள். கனத்த, அவசரமில்லாத குரல். ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்த வரிக்கு முன் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு இடைவெளி விடுகிறார். புகழுரைகள் அத்தனையும் கைபேசியில் கேட்ட கீச்சுக் குரலை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. படத்தைக் கலைத்துவிட்டு மீண்டும் கட்டலாம் என்று இயக்குநர் முடிவெடுத்தது அன்றுதான்.

கேட்பவர் முகம்

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1969 கோடையில் நடந்த இசைவிழாவை ஒருவர் ஏறத்தாழ நாற்பது மணி நேரத்துக்குப் படம்பிடித்து வைத்திருந்தார். வாங்க ஆள் இல்லாமல் அரை நூற்றாண்டு கிடந்தது அந்தப் பதிவு. 2021-இல் அது ‘சம்மர் ஆஃப் சோல்’ என்ற ஆவணப்படமாக வந்து, அடுத்த ஆண்டு ஆஸ்கர் வாங்கியது. கிடப்பில் கிடந்த இசை என்ற ஒற்றுமைக்காக அதைக் குழுவினரிடம் போட்டுக் காட்டினேன். அவர்கள் எடுத்துக்கொண்டதோ வேறொன்றை. அந்த விழாவுக்குச் சிறுவனாகப் போயிருந்த ஒருவருக்குப் பழைய காட்சியைக் காட்டி, அவர் பார்ப்பதைப் படம்பிடித்திருப்பார்கள்.

அடுத்த சுற்றுப் பேட்டிகளில் “அவரைப் பற்றிச் சொல்லுங்கள்” என்ற கேள்வியே எடுபட்டுப் போயிற்று. எதிரில் இருப்பவருக்குச் சீர்செய்த பதிவைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தார்கள். தஃப் அடித்த முதியவர் முதல் நிமிடத்திலேயே தொடையில் தாளம் போட ஆரம்பித்து, “இந்த இடத்தில் அவர் என்னை முறைத்தார்” என்றார். என்ன காரணம் என்றால், கல்யாண மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டே அடித்ததில் கை ஒரு அடி முந்திவிட்டதாம். டேப்பில் அந்த அடி முந்துவது தெளிவாகக் கேட்கிறது. முதல் தொகுப்பில் இதே முதியவர், “மாபெரும் மனிதர்” என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

முதல் சுற்றில் ஆண்களை மட்டுமே பேட்டி எடுத்திருந்தார்கள். மேடைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் ஆண்கள், அதனால் சாட்சிகளும் ஆண்கள் என்று கணக்குப் போட்டார்கள் போலும். ஆனால் குழாய் ஒலிபெருக்கியைத் தென்னையில் கட்டிவிட்டால் பாட்டு சுவருக்கு இந்தப்புறமும் வரும், அந்தப்புறமும் வரும். கேசட்டுகளோ பெரும்பாலும் அடுக்களைப் பக்கமே ஓடியவை. பாடகரின் உறவில் லாத்தா (அக்காள்) முறையாகும் ஒரு மூதாட்டிக்கு அந்தக் கல்யாண இரவின் பாட்டு வரிசை முழுவதும் மனப்பாடம். கேசட்டின் முதல் பக்கம் ஒரு பாட்டின் நடுவில் தீர்ந்துவிடுகிறது. யாரோ எடுத்துத் திருப்பிப் போடுவதற்குள் இரண்டு கண்ணிகள் போய்விட்டன. அந்த இரண்டையும் அவர் அங்கேயே, மூச்சிரைக்க இரைக்கப் பாடினார்.

முகம் காட்ட அவர் விரும்பவில்லை. மகன்களோடு பேசிவிட்டு, குரலை மட்டும், பெயர் இல்லாமல் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார். இது படத்துக்குக் குறை என்று இயக்குநர் முதலில் வருந்தினார். பாடகி ஏமி வைன்ஹவுஸைப் பற்றிய ‘ஏமி’ ஆவணப்படத்தில் இயக்குநர் ஆசிஃப் கபாடியா பேட்டி கொடுத்தவர்களின் முகங்களை நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டுவதே இல்லை. குரல்களை மட்டும் பழைய காட்சிகளின் மேல் ஓடவிடுவார். ஏமியை விட்டுக் கண் விலகாமல் இருப்பதற்கு அது பெரிய காரணம். அதைச் சொன்னபின் நம் இயக்குநர் தெளிந்தார். இப்போது படத்தில் கல்யாணப் பாட்டு ஓடுகிறது, ‘டக்’ என்று கேசட் தீரும் ஓசை வருகிறது, ஒரு கணம் இடைவெளி, பிறகு மூதாட்டியின் குரல் மீதிக் கண்ணிகளைப் பாடி முடிக்கிறது. திரையில் கேசட்டின் இரண்டு பக்கமும் எழுதப்பட்ட பச்சை மை எழுத்துகள் மட்டும். இருவர் சுருதியும் வேறு வேறு. ஒன்றாக்கித் தரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்கள். நல்ல முடிவு.

குரலைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் பற்றியும் ஒரு விவாதம் நடந்தது. பீட்டில்ஸ் இசைக்குழுவைப் பற்றிய பீட்டர் ஜாக்சனின் ‘கெட் பேக்’ தொடருக்காக உருவான அந்த உத்தியால்தான், அக்குழுவின் ஜான் லெனன் வீட்டில் கேசட்டில் பாடி வைத்த பாட்டிலிருந்து அவர் குரலைத் தனியே எடுத்து 2023-இல் ‘நவ் அண்ட் தென்’ வெளியானது. தொண்ணூறுகளில் அதை முடிக்க முயன்று கைவிட்டதற்கு அந்தக் கேசட்டின் இரைச்சலும் ஒரு காரணம். நம் குழுவில் ஒருவர் இதே பாணியில் பாடகரின் குரலைத் தனியாகப் பிரித்துக் கொண்டுவந்தார். சுத்தமாகத்தான் இருந்தது. லெனன் தன் வீட்டில் பியானோவோடு தனியாகப் பாடினார். இவரோ ஐந்நூறு பேருக்கு நடுவில் பாடியவர். மைக் ஊளையிடுவதும், குழந்தை அழுவதும், ஒரு அடிக்குக் கூட்டம் உருகி ஆமோதிப்பதும், அதைக் கேட்டு அவர் அதே அடியை மறுபடி எடுப்பதும் சேர்ந்ததே அந்தப் பாட்டு. கூட்டத்தைக் கழித்துவிட்டால் அவர் ஏன் ஒரே அடியை மூன்று தடவை பாடுகிறார் என்பதே புரியாது.

காற்று

புதிதாகப் பதிவு செய்யவேண்டியவற்றுக்குக் கடற்கரையே எதிரி. கச்சான் என்னும் மேல்காற்று கிளம்பிவிட்டால் சாதாரண பஞ்சுறை போட்ட மைக்கில் இடி இடிப்பதுதான் கேட்கும். ரோம உறை ஓரளவுக்குத் தாங்கும், அவ்வளவுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ள 61 நாட்களில் இன்ஜின் சத்தம் குறையும் என்பதால், வெளிப்புறப் பதிவுகளை அந்தக் காலத்தில், சுபுஹு என்னும் அதிகாலைத் தொழுகை முடிந்த கையோடு வைத்துக்கொண்டோம்.

காற்றை எதிரியாகவே நினைக்க வேண்டியதில்லை என்பதற்கு சத்யஜித் ரே 1976-இல் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி எடுத்த ‘பாலா’ சான்று. கடற்கரையில் ஆடுகிறார். சேலையைக் காற்று இழுக்கிறது. ரே அதை வெட்டவில்லை. அதற்காக அந்தக் காட்சியைக் குறை சொன்னவர்களும் உண்டு. எனக்கோ, காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டே அபிநயம் குலையாமல் நிற்கும் ஐம்பத்தெட்டு வயதுக்காரரை வேறெங்கு பார்ப்பது என்றுதான் தோன்றும். அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும் படத்தில் ஆட்டத்தை ரே ஓடவிடும் பொறுமையைத்தான் குழுவினர் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன்.

சாவி யார் கையில்?

பெட்டியில் கட்சிக் கூட்டப் பாட்டுகளும் இருந்தன. சுவையான பாட்டுகள். எதிர்த்தரப்பைக் கிண்டலடிக்கும்போது பாடகரின் குரலில் ஒரு குறும்பு ஏறும், பக்திப் பாட்டுகளில் அது கிடையாது. வளைகுடாவில் இருக்கும் இளைய மகன்தான் படத்துக்குப் பெரும்பகுதிப் பணம் கொடுத்தவர். அந்தப் பாட்டுகள் படத்தில் வரக்கூடாது என்றார். குடும்பத்தின் இன்றைய சார்பு வேறு, அதோடு கிண்டலடிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் இப்போது சம்பந்தி வீட்டார்.

இப்படிப்பட்ட தகராறு பெரிய இடங்களிலும் உண்டு. ‘ஏமி’க்கு முதலில் ஒத்துழைத்த குடும்பம், படம் தங்களைத் தவறாகக் காட்டுகிறது என்று பின்னர் விலகிக்கொண்டது. ஆனால் அங்கே தயாரிப்பாளர்கள் குடும்பத்தைத் தாண்டி நிற்க முடிந்தது. இங்கே கேசட் பெட்டி, பணம், பேட்டிக்கு ஆள் கூட்டி வருவது எல்லாம் குடும்பத்தின் கையில். மூத்த மகன் நடுவில் புகுந்து பேசினார்: “காக்கா (அண்ணன்) சொல்கிறேன், வாப்பா பாடியதை வாப்பாவே மறைக்கவில்லை, நாம் ஏன் மறைப்பது?” முடிவில் ஒரே ஒரு கட்சிப் பாட்டு, ஆள்பெயர் வராத கண்ணிகளோடு, உள்ளே வந்தது. இதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவர் வாழ்க்கையில் பாதி இரவுகள் கழிந்தது அந்த மேடைகளில். படத்தில் அது மூன்று நிமிடம்.

பாட்டெழுதியவரின் பெயரும் விட்டுப்போயிருந்தது. கேசட் அட்டைகளில் பாடகரின் படம் பெரிதாக இருக்கிறது, எழுதியவர் பெயர் பலவற்றில் இல்லவே இல்லை. ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஒருவர்தான் நிறைய எழுதியிருக்கிறார் என்பது தஃப் முதியவர் சொல்லித்தான் தெரிந்தது. சீதக்காதி புரவலராக இருந்து உமறுப்புலவரைப் போற்றிய கடற்கரையிலேயே கேசட் காலத்தில் கவிஞருக்கு இந்தக் கதி. அவர் வீட்டு நோட்டுப் புத்தகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபின், படத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே எழுதியவர் பெயர் வருகிறது.

சட்டச் சிக்கல் இதைவிடப் பெரிது. கல்யாணப் பாட்டுகளில் பல இந்திப் படப் பாட்டுகளின் மெட்டில் எழுதப்பட்டவை. வார்த்தை ஊராருடையது, மெட்டு பம்பாய்க்காரர்களுடையது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்து 60 ஆண்டுகள். இசையமைப்பாளரின் உரிமையோ அவர் காலமானபின் 60 ஆண்டுகள். ஆகவே பதிவு எவ்வளவு பழையதானாலும் மெட்டின் உரிமை தனியாக நிற்கிறது. முப்பது விநாடி வரை யார் பாட்டையும் எடுத்துக்கொள்ளலாம் என்று குழுவில் ஒருவர் அடித்துச் சொன்னார். அப்படியொரு கணக்கு சட்டத்தில் எங்கும் கிடையாது. விமர்சனத்துக்காக நியாயமான அளவு எடுத்தாள இடம் உண்டு. எது நியாயம் என்பதை விநாடி எண்ணித் தீர்மானிப்பதில்லை. கேசட் நிறுவனத்துக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை.

திரையிட்ட இரவு

ஊர் மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டினார்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்டியிருந்த படம் நாற்பது நிமிடத்துக்குள் சுருங்கியிருந்தது. அதில் பாதிக்கு மேல் பாட்டு. கல்யாணப் பதிவு நாலு கட்டையில் தொடங்கியதும் இளைஞர்கள் பக்கம் ஒரு சலசலப்பு. கைபேசியில் இருக்கும் பாட்டு எங்கே, இது ஏன் இழுக்கிறது என்று ஒருவன் சத்தமாகவே கேட்டான். பின்வரிசையில் பெரியவர்கள் அவனை அடக்கினார்கள். படம் முடிந்தபின் இரண்டு பேர் என்னிடம் வந்து, வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் நன்றாக இருக்கும் என்று யோசனையும் சொன்னார்கள். பழகிய காதுக்குப் பிழையும் இனிக்கும். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்தக் கீச்சுக் குரலோடுதான் அவர்கள் கல்யாணங்களும் நடந்தன.

இரண்டு பேரை மட்டும் ஏன் பேட்டியிலிருந்து முழுதாக நீக்கினீர்கள் என்று ஜமாத்துப் பெரியவர் ஒருவர் இயக்குநரைப் பிடித்துக்கொண்டார். பதிவைக் கேட்கவைத்தபோது அவர்கள் பாட்டைக் கவனிக்காமல் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்ததே காரணம். அதை எப்படி நேரே சொல்வது? நேரம் போதவில்லை என்று சமாளித்தார்.

சீர்செய்த ஒலிக்கோப்புகளோடு, எந்தக் கேசட்டில் எவ்வளவு வேகத்தை மாற்றினோம் என்ற குறிப்பையும், மாற்றாத மூலப் பதிவையும் மூன்று பிரதிகளாக மூன்று வீடுகளில் வைத்திருக்கிறார்கள். என்னைவிட நல்ல காது உள்ள ஒருவர் வந்து திருத்த வேண்டுமானால் மூலம் இருக்க வேண்டும். படம் இன்னும் இணையத்தில் ஏறவில்லை. இந்தி மெட்டுப் பாட்டுகளுக்கு அனுமதி வராமல் ஏற்றினால் உரிமைக் கோரிக்கை வந்து ஒலியை முடக்கிவிடும். அந்தப் பாட்டுகளை நீக்கிய இணையப் பதிப்பு ஒன்றைத் தயார் செய்யலாம் என்று இளைய மகன் சொல்கிறார். அப்படிச் செய்தால் கல்யாண இரவு முழுவதும் போகும், மூதாட்டி பாடிய இரண்டு கண்ணிகளும் போகும். இயக்குநர் சம்மதிக்கவில்லை. கேட்டு வரும் ஊர்களுக்குப் படத்தை ஹார்ட் டிஸ்கில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டிவருகிறார். அடுத்த திரையிடல் மீலாது விழா வரும் ரபியுல் அவ்வல் மாதத்தில், தொண்டிப் பக்கம்.